இரண்டரை மணி நேரப் பெட்டி

டாக்டரம்மா அண்ணியிடம் கொண்டு வந்த சங்கதி இதுதான். அவருடைய மருத்துவமனையில், வரவேற்பு மேசைக்காரி காலையில் கணினியைத் திறந்துவிட்டு, இன்றைய பட்டியல் காலியாக இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நிமிடமே மேலாளர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, நோயாளிகளைப் பற்றிய நாலு மாதக் குறிப்புகளையும் சர்வர் பார்க்கிற பெண் அழித்துவிட்டாள், பாஸ்வேர்டு அவளிடம் மட்டும்தான் இருக்கிறது என்று கொட்டித் தீர்த்தார். மாலைக்குள் போலீஸில் புகார் கொடுப்பதாக ஏற்பாடு.

அண்ணி பல வருடம் சர்வர்களோடு மாரடித்துவிட்டு, இப்போது இப்படிப்பட்ட வழக்குகளைத் துப்புத் துலக்குகிறவர். கொழுந்தனுக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனாலும் எங்கே போனாலும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவான்.

சர்வர் அறைக்குள் நுழைந்ததும் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். இயந்திரத்துக்குப் பின்னால் தரை துடைக்கிற அழுக்குத் தண்ணீர் வாளி. மேசைமேல் பூஞ்சை பூத்த காபிக் கோப்பை. திரையின் ஓரத்தில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி, பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய காகிதம். மேலாளர் நகத்தைக் கடித்து அந்த மேசைமேலேயே துப்பிக்கொண்டிருந்தார். சீ, இவரெல்லாம் ஒரு மனிதர். சர்வர் பெண் அழுது வீங்கிய முகத்தோடு மூலையில் நின்றாள்.

தான் அந்த மெஷினைத் தொட்டதே இல்லை, வரவேற்பில் சொன்னதைக் கேட்டதோடு சரி என்று மேலாளர் அடித்துச் சொன்னார்.

அண்ணி பத்து நிமிடம் திரையைப் பார்த்துவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த சர்வர் இருநூறு நாளா ஓடுது. ஆனா குறிப்பு எழுதற புரோகிராம் இருக்கற கண்டெய்னருக்கு வயசு ரெண்டரை மணி நேரம்."

கண்டெய்னர் என்றால் என்ன என்று அவன் கேட்டான். புரோகிராமையும் அதற்கு வேண்டியதையும் போட்டுக் கட்டிய பெட்டி என்றார் அண்ணி. பெட்டிகளை மேய்க்க ஒரு மேஸ்திரி புரோகிராம் உண்டு. ஒரு பெட்டி செத்தாலோ, அதை எப்படி ஓட்டுவது என்று எழுதிய அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாறினாலோ, மேஸ்திரி பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துவிடும். பெட்டிக்குள் எழுதியதெல்லாம் அதோடு போய்விடும். அதனால்தான் குறிப்புகளை வெளியே ஒரு வட்டில், அதாவது டிஸ்கில், எழுதும்படி இணைத்து வைப்பார்கள்.

"வட்டுல நாலு மாசத்துக்கு முந்தினது எல்லாம் பத்திரமா இருக்கு. அழிக்க வந்தவ பழசை விட்டுட்டுப் போவாளா? வட்டு நிறைஞ்சு எச்சரிக்கை வந்ததும், நாலு மாசம் முன்னாடி யாரோ அந்த இணைப்பு வரியை நீக்கியிருக்காங்க. அப்புறம் எல்லாமே பெட்டிக்குள்ளதான் போயிருக்கு. இன்னிக்குக் காலையில அந்த வரியைத் திரும்பச் சேர்த்திருக்காங்க. பெட்டி மாறிடுச்சு, உள்ள இருந்த நாலு மாசமும் போச்சு."

குறிப்புகள் வட்டில் பத்திரமாகச் சேருகிறதா என்று பார்க்க நாளைக்கு ஆய்வு அதிகாரி வருகிறார் என்று டாக்டரம்மா மெல்ல முனகினார்.

அண்ணி மேலாளர் பக்கம் திரும்பினார். "பட்டியல் காலின்னு மட்டும்தான் அந்தப் பொண்ணு சொன்னா. மெஷினைத் தொடாத உங்களுக்கு, போனது நாலு மாசம்னு எப்படித் தெரிஞ்சுது?"

மேலாளர் கையைக் கூப்பினார். பிறகு சொன்னதுதான் கொழுந்தனுக்கு அந்த வாளித் தண்ணீரைவிட நாறியது.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கம்மா. இவ தனி ஆளு. வேற வேலை தேடிக்க மாட்டாளா?"

டாக்டரம்மா புகார்க் கடிதத்தைக் கிழித்தார். மேலாளரை வெளியே போகச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டார். அவள் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"டாக்டர், இந்த நாலு மாசத்துல வந்தவங்கள்ல யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எழுதினது எல்லாம் போச்சு. இப்போ வெளியில ஊசிக்குக் காத்திருக்கறவங்களை நிறுத்துங்க" என்றாள்.

டாக்டரம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஊசி போடும் அறைக்கு ஓடினார்.