கேட்காமல் வரைந்த கரடி

தறியின் அடியில் தொங்கிய தோல் பைகளில் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. பாவு நூலின் நுனிகளில் அழுக்குப் படாமலிருக்க அவன் மனைவி அடலைன் முடிந்து வைத்த பை. அவள் இறந்து ஒரு மாதமாகிறது. ரஸ்ஸல் அதைத் தொடவில்லை.

"தறிய ஏன் சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சிருக்க?" என்றாள் அடலைனின் அக்கா வெர்னா. "அதுகூடயும் சண்டையா?"

"சும்மாதான்க்கா."

புகையில் வாட்டிய மீனை அவள் மேசைமேல் வைத்தாள்.

"கரடிக் குலத்துக்காரங்க நாளைக்கு வர்றாங்க தம்பி. எங்க குலச் சின்னம் கரடி, அத யாரைக் கேட்டு அவ நெய்தான்னு கேப்பாங்க. செத்தவள திருடின்னு பேசுறாங்க. உங்கிட்ட ஏதும் சொன்னாளா?"

"இல்லக்கா."

"சரி, மீனத் தின்னு. பூனைக்குப் போட்டுறாத."

அவள் போனாள். வடகோடிக் குளிர்காலம்; பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே பனி.

அந்தக் கரடியைப் பலகையில் வரைந்தது அவன். ஆண்கள் வரைவார்கள், பெண்கள் நெய்வார்கள். பாதி வரைந்தால் போதும். மறுபாதியை நெய்பவளே மரப்பட்டை நாரால் அளந்து, அதையே திருப்பிப் போட்டு நெய்துகொள்வாள். "அவங்ககிட்ட கேட்டியா?" என்று மட்டும் அடலைன் கேட்டாள். கேட்டதாகச் சொன்னான். கேட்கவில்லை. நம்பி ஒரு பாதியை நெய்து முடித்தாள். அதோடு நோயில் படுத்தவள் எழவில்லை.

பலகையை அடுப்புக்குள் தள்ளினான். இனிப் பழி அவளுடையது மட்டும். சாயம் வெடித்து, தேவதாரு மணம் எழுந்து, அது அடங்கியதும் அவள் நூல் திரிக்கும் நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடை மெல்ல அறை முழுவதும் பரவ, அவன் முதுகுக்குப் பின்னால் நூல்மேல் நூல் உரசி இறுகும் சத்தம், அவள் விரல்களின் சத்தம், நிதானமாக, விடாமல் கேட்டது.

திரும்பினான். சத்தம் நின்றது.

தறியைத் தன் பக்கம் இழுத்தான். வெறுமையாயிருந்த பாதியில் ஒரு கண். புதிது. கரடியின் கண்ணல்ல. புருவத்தின் நடுவே ஒரு வெட்டு. சின்ன வயதில் படகில் விழுந்த தழும்பு.

அவனுடையது.

சன்னல் கண்ணாடியைப் பார்த்தான். முகத்தில் ஒரு பக்கம் கண் இல்லை. தடவினான். முறுக்கிய நூல். வெதுவெதுப்பாக.

"நான்தான் வரைஞ்சேன், அடலைன். யாரையும் கேக்கல."



மிஞ்சிய கண்ணை இறுக மூடினான். இருளவில்லை. தறியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்: அடுப்பருகே கண்ணை மூடியபடி ஒருவன் நிற்கிறான். அவன் முகத்துக்கு நேரே இரண்டு கைகள். நடுவில் ஒரு மரப்பட்டை நாரை இழுத்துப் பிடித்து, மூக்கிலிருந்து அந்த மூடிய இமைவரை அளந்துகொண்டிருக்கின்றன.