பானைக்குள் யானை

பெட்டியைத் திறந்ததும் பேக்கரியில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பானை இருந்தது.

அழகான பானைதான். சாக்லேட் நிறத்தில் பளபளவென்று, வயிறு உப்பி, வாயைச் சுற்றி வெள்ளை க்ரீமில் பூவேலையோடு இருந்தது. ஆனால் கேக் வாங்க வந்தவர் கேட்டிருந்தது யானை. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறந்தநாள் குழந்தைக்கு உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது.

"யானைன்னுதானே சொன்னேன்?" என்றார் அவர், குழப்பத்தோடு.

கேக் செய்த சித்தி, மேசைக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டினாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

சித்தியின் அக்கா மகள் பொடிசு, பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஐந்தாம் வகுப்பிலேயே அவள்தான் குள்ளம் என்பதால், வீட்டிலும் கடையிலும் அவள் பொடிசு. பள்ளி விடுமுறை என்றால் அவளுக்குச் சித்தியின் பேக்கரிதான் கதி.

பொடிசு எழுந்து போய்க் குழந்தையின் முன்னால் குனிந்தாள். "யானை எங்கேயும் போகல. பானைக்குள்ள ஒளிஞ்சிட்டிருக்கு. இரு, இப்ப எட்டிப் பார்க்கும்."

பிறகு சித்தியின் தோளைத் தொட்டுத் திருப்பி, இரண்டு உள்ளங்கைகளையும் காதோரம் விரித்து ஆட்டினாள். ஒரு கையை மூக்கின் முன்னால் தும்பிக்கைபோல வளைத்தாள். சித்திக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மிச்சமிருந்த சர்க்கரை மாவை உருட்டினாள், தட்டினாள், ஒட்டினாள். சற்று நேரத்தில், பானையின் வாய்க்கு மேலே இரண்டு பெரிய காதுகளும் திருட்டு முழி முழிக்கும் இரண்டு கண்களும் வந்துவிட்டன. தும்பிக்கை வெளியே தொங்கியது.

குழந்தை குதிகுதியென்று குதித்தது. தான் கேட்டதைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று அப்பாவும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சித்தி திடீரென்று எழுந்து சமையலறைக்கு ஓடினாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"சித்தி, அடுப்புல ஒண்ணுமே இல்ல. நேத்தும் இப்படித்தான் ஓடினே. உனக்கு என்னதான் கேக்குது?"

சித்தி சமாளிக்கப் பார்த்தாள். பொடிசு விடுகிற ரகம் இல்லை. கடைசியில் சித்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டு வருடமாகவே அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறதாம். போதாக்குறைக்கு, காதுக்குள்ளேயே ஓயாமல் குக்கர் விசில் அடிக்கிறதாம். டாக்டர் இதற்கு ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று பெயர் சொன்னாராம். பொடிசு அதைச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

"காதுக்குள்ள அரிசி அளவுல ஒரு எலும்பு இருக்கு. உடம்புலயே சின்ன எலும்பு அதுதான். சத்தம் வந்தா அது ஆடணும். என்னோடது மழையில ஊறின ஜன்னல் மாதிரி இறுகிப்போச்சு" என்றாள் சித்தி.

ஆபரேஷனும் செய்யலாமாம். முதலில் காது மெஷின் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சித்திதான் போகவில்லை.

"மெஷினைப் பார்த்தா முதலாளிக்குத் தெரிஞ்சிடும். நீ பின்னாடி போய்த் தட்டு கழுவுன்னு சொல்லிட்டார்னா? எனக்கு முன்னாடி நின்னு நாலு பேரோட பேசணும்டி. அதுதான் பிடிக்கும்."

"நீ இப்பல்லாம் யாரோட பேசறே? தலையை மட்டும்தானே ஆட்டறே" என்றாள் பொடிசு.

சித்தி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதலாளியிடம் சொல்லக்கூடாது என்று சித்தி கேட்டுக்கொண்டாள். பொடிசும் ஒப்புக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி முன்னால் சித்தியை உட்கார வைத்து, குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்துக் காட்டினாள். யானைக்கு உதடு ஒட்டவில்லை, பானைக்கு ஒட்டியது. சித்தி உடனே கண்டுபிடித்தாள். அடுத்து மல்லி என்றாள் பொடிசு. பல்லியா என்று கேட்டாள் சித்தி. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டுகிறது என்று தெரிந்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பல்லி கேக் செஞ்சு கொடுத்தா என்ன ஆகும்?" என்றாள் சித்தி.

பொடிசுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. "நீதான் நல்லா படம் வரைவியே. அவங்க சொல்லச் சொல்ல அவங்க முன்னாடியே கேக்கை வரைஞ்சு காட்டு. தப்பா இருந்தா அங்கேயே சொல்லிடுவாங்க."

அடுத்த விடுமுறையில் மேசைமேல் ஒரு வெள்ளைப் பலகை உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. கேக்குக்கு முன்னால் கேக்கின் படம் கிடைக்கிறதே என்று சிலர் வேண்டுமென்றே இரண்டு மாற்றம் அதிகமாகச் சொன்னார்கள்.

அப்போது ஜலதோஷத்தோடு ஓர் அம்மா வந்தார். முகத்தில் மாஸ்க். ஏதோ சொன்னார். உதடு தெரியவில்லை, குரலும் கம்மியிருந்தது. சித்தியின் பேனா அந்தரத்தில் நின்றது.

பொடிசு முக்காலியிலிருந்து பாதி எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சித்தி மூச்சை இழுத்துக்கொண்டாள். "மன்னிக்கணும். எனக்குக் காது சரியா கேக்காது. வாயசைவு தெரிஞ்சாதான் புரியும். கொஞ்சம் தள்ளி நின்னு மாஸ்க்கை இறக்கறீங்களா?"

அந்த அம்மா உடனே தள்ளி நின்று இறக்கினார். கணவரின் முறிந்த காலுக்குப் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களாம், அதனால் ஷூ மாதிரி ஒரு கேக் வேண்டுமாம். சித்தி வரைந்தாள். லேஸ் அவிழ்ந்து கிடக்கட்டும், அவர் என்றைக்கு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார் என்றார் அந்த அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவர் போனதும், உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி மெல்ல முன்னால் வந்தார். அவருக்கு வாயை மூடுகிற அளவுக்கு மீசை.

"பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டே. என் மேல ஏதோ கோவம்னு நினைச்சு, வீட்டுல போய்ப் புலம்பிட்டிருந்தேனேம்மா" என்றார்.

சித்தி திருதிருவென்று விழித்தாள். பொடிசு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், உங்க மீசை வாயை மறைக்குது. சித்திக்கு ஒண்ணும் புரியல."

முதலாளி மீசையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். பலகை இங்கேயே இருக்கட்டும், நீயும் இங்கேயே இரு என்று முடித்தார். மறுநாள் கத்தரித்த மீசையோடு வந்தவரை, பால் கொண்டுவந்தவர் யாரோ புதியவர் என்று நினைத்து முதலாளி எங்கே என்று விசாரித்தார்.

அந்த மாதமே சித்தி மெஷின் வாங்கப் போனாள். பொடிசும் கூடப் போனாள். வெளியே வந்ததும் சித்தி நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். விசில் இன்னும் இருக்கிறதாம். ஆனால் இப்போது அதற்கு முன்னால் வேறு சத்தங்கள் நிற்கின்றனவாம். மின்கம்பியில் ஒரு குருவி, தன் செருப்பு, யாரோ சாவிக்கொத்தை ஆட்டுவது.

"அது என்ன கரகரன்னு?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பொடிசின் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தாள். "நீ எப்பவும் இவ்வளவு சத்தமாத்தான் திம்பியா?"

வாய் நிறைய பிஸ்கட்டோடு பொடிசு தலையாட்டினாள்.

"இன்னொண்ணு தின்னு, கேக்கலாம்" என்றாள் சித்தி.

சித்திக்காகத்தானே என்று பொடிசு இரண்டாக எடுத்துக்கொண்டாள்.