கழுத்துப் பக்கம்

நேற்று வழித்துத் துடைத்துவிட்டுப் போன மான்தோலின் கழுத்துப் பக்கத்தில் இன்று மறுபடியும் இறைச்சி இருந்தது.

அன்ரனெற் கராஜ் விளக்கின் கீழே குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். சிவந்த தசை, அதன்மேல் ஈரச் சவ்வு. அவசரத்தில் விட்டிருப்பேன் என்று தன்னைச் சமாதானப்படுத்தினாள். ஆனால், தோல் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். முதலில் வழிப்பதே கழுத்தைத்தான்.

மல்வேர்னில் இருக்கும் இந்த வீடு விற்றாகிவிட்டது. கணவன் லெஸ்லி இறந்தபிறகு தன் இருமலை மட்டுமே கேட்டுக் கிடந்தவளை இன்று மாலை மகள் நடாஷா மிசிசாகாவிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வருகிறாள். இனி அடுத்த அறையில் யாராவது மூச்சுவிடும் வீடு. மிஞ்சியிருப்பது இந்த ஒரு தோல். வழித்து உப்புப் போட்டு வைத்தால், மானை வேட்டையாடித் தோலைக் கொண்டுவந்து தந்த யூட்சன் வந்து எடுத்துக்கொள்வான். அரைகுறையாக விட்டால் அழுகி மயிர் கொட்டிவிடும்.

போன் அடித்தது.

"மம்மி, ஹைவேயில சரியான ட்ராஃபிக். றெடியோ?"

"ஒரு தோல் கிடக்கு பிள்ளை. முடிச்சிட்டு வாறன்."

"ஓ மை கோட், இன்னும் கராஜுக்குள்ளயோ? மான் மணத்தோட என்ர காருக்குள்ள ஏறாதேங்கோ!"

"ஓம் ஓம், குளிச்சிட்டுத்தான் வருவன். நீ காரைப் பாத்து ஓடி வா."

றப்பர் ஏப்ரன் எந்தப் பெட்டிக்குள் போனதோ தெரியவில்லை. மெல்லிய சட்டையோடேயே தோல் விரித்த சாய்ந்த கட்டையில் வயிற்றை முட்டுக்கொடுத்து, தோலின் விளிம்பைக் கட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து, இரண்டு கைப்பிடிக் கத்தியைக் கீழ்நோக்கித் தள்ளினாள். சவ்வு சுருண்டு வந்தது. பச்சைக் கொழுப்பின் மணம் குளிரோடு சேர்ந்து மூக்கில் ஏற, கராஜ் கதவின் இடுக்கால் காற்று விட்டுவிட்டு ஊத, கத்தி வழுக்கும் ஈரச் சத்தத்துக்கும் அவள் மூச்சுக்கும் நடுவே வேறொரு மெல்லிய சத்தம், அவள் நிறுத்தும்போது தானும் நின்று, தொடங்கும்போது தானும் தொடங்கியது.

முதுகுப் பகுதியை முடித்து நிமிர்ந்தாள். கழுத்து மீண்டும் சிவந்திருந்தது. முன்னதைவிடத் தடிப்பாக.

வழித்தாள். திரும்பவும் வழித்தாள்.

வயிற்றில் சூடு பரவியது. செத்த தோலுக்குச் சூடு ஏது? விலகியிருக்க வேண்டும். ஆனால் எவ்வளவோ காலமாக அந்த இடத்தில் எந்த உடம்பும் சாய்ந்ததில்லை. வெட்கத்தோடு, ஒரே ஒரு கணம், கண்ணை மூடி அதன்மேல் சாய்ந்தாள்.

வெளியே ஹோர்ன் கேட்டது.

அன்ரனெற் பின்வாங்கினாள். தோலும் கூடவே வந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதன் நூலிழைகளுக்குள்ளால் சவ்வு ஊடுருவியிருந்தது. அடியில் அவளுடைய வயிற்றுத் தோல் கூடாரம்போல எழும்பியது. கத்தியை இரண்டு தோலுக்கும் நடுவே செருகினாள். வலி. அவளுக்குத்தான் வலி.

"மம்மி! கதவைத் திறவுங்கோ!"

நடாஷா. இரண்டு எட்டுத் தூரம்.

கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. அவளுடைய சூடெல்லாம் கீழே வடிந்துகொண்டிருந்தது. தோல் மெல்ல உப்பியது. உள்ளே விலா எலும்புகள். ஒன்றன்பின் ஒன்றாக.

"மம்மி?"

குளிரில் அவள் வாயிலிருந்து வெள்ளை ஆவி எழுந்தது. மெலிந்து நின்றுபோனது. தலையில்லாத அந்தக் கழுத்திலிருந்து இன்னொன்று எழுந்தது, அடர்த்தியாக.