செய்தி வாசிப்பவருக்கு வலப்பக்கம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் ஒற்றைக் கடைவாய்ப்பல்லும் இன்றைக்கே விழட்டும். மூதாதையர் மாடத்தின் முன் மணியடித்து, வாய் கொப்பளித்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எங்கள் மிசோகுபோ கிராமத்தில் நடந்தது நடந்தபடியே.

அந்த ஜூலையில் மின்சாமான் கடை குசாமா தன் குட்டி வண்டியில் எங்கள் பள்ளத்தாக்குக்கு ஏறி வந்தார். கடையை மூடிவிட்டு ஓய்வாக இருந்த மனிதரை அரசு அலுவலகத்தார் பிடித்து, ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றை மாட்டி, வீடு வீடாகப் போய்வரச் சொல்லியிருந்தார்கள். இருபத்து நான்காம் தேதி நண்பகலோடு பழைய தொலைக்காட்சி அலை நின்றுவிடும். அதற்குள் எல்லா வீட்டிலும் புது ஆண்டெனா, புதுப் பெட்டி, டிஜிட்டல்.

யாரும் அவரை வா என்று சொல்லவில்லை. பழைய பெட்டியின் திரை மூலையில் 'அனலாக்' என்ற எழுத்து மூன்று வருடமாக நின்று எரிச்சலூட்டிக்கொண்டிருந்தது. அந்த எரிச்சல் முழுதும் அவர் தலையில் விழுந்தது. ஒரு கிழவர், அகலத் திரையில் சுமோக்காரன் இன்னும் குண்டாகத் தெரிவானா என்று அரைமணி நேரம் விசாரித்துவிட்டு, வேண்டாம் என்றார். இன்னொரு வீட்டில் அவர் படியிறங்கியதும் பின்னாலேயே தீட்டுக் கழிக்க உப்பைத் தூவினார்கள்.

பள்ளத்தாக்கின் கடைசி வீட்டுக்காரி ஹகா கியோ மட்டும் தானே தொலைபேசியில் கூப்பிட்டு, சீக்கிரம் வாருங்கள் என்றாள். மறுநாளும் கூப்பிட்டாள். குசாமா அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் தேவதாரு மரங்கள் நெருக்கமாக நின்றன. நல்ல வெயிலிலும் உள்ளே சாயங்காலம் போலிருந்தது. ஊதுவத்தி வாசனை, கொசுவத்தி வாசனை, இரண்டுக்கும் அடியில் ஈரத்துணி மட்கிய நெடி. கியோ தேநீர் ஊற்றி, நோசவானாக் கீரை ஊறுகாயை அவர் பக்கம் தள்ளினாள். மாடத்தில் அவள் கணவன் செய்கிச்சியின் படம் இருந்தது. இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். காது கொஞ்சம் பெரிது. ஆனாலும் களையான முகம்; பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கியோ கேட்டது ஒன்றுதான்.

"புதுப் பெட்டியில நிழல் விழாதா, கடைக்காரரே?"

குசாமா விளக்கினார். அலை நேராகவும் வருகிறது, மலையில் மோதியும் வருகிறது. மோதியது சற்றுப் பிந்தி வருவதால் திரையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் வெளிறின இன்னொரு உருவம். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுப் பெட்டியிலும் அப்படித்தான். டிஜிட்டலில் அதெல்லாம் கிடையாது. படம் வந்தால் துல்லியமாக வரும், இல்லையென்றால் வராது.

அவள் பழைய பெட்டியைப் போட்டாள். செய்தி வாசிப்பவர். அவருக்கு வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் நிழல்.

"மலையோட வேலை, அம்மா."

"அவரு கும்பிடுறப்பப் பாருங்க."

செய்தி வாசிப்பவர் குனிந்து வணங்கினார்.

நிழல் குனியவில்லை.

குசாமாவின் வாயில் ஊறுகாய் அப்படியே நின்றது. கியோ, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தாள். இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் ஓபோன் பண்டிகையில், போன வருடம், எல்லோரையும் போல அவளும் அவர் வந்து போகக் காய்களில் வாகனம் செய்தாள். விரைந்து வர வெள்ளரிக்காய்க் குதிரை. ஆற அமரத் திரும்பிப் போகக் கத்தரிக்காய் மாடு. அந்த வருடம் ஆலங்கட்டி மழை தோட்டத்தை அழித்திருந்தது. பிழைத்தது ஒரே ஒரு கத்தரிக்காய். செய்கிச்சி வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் அவளுக்கு நல்ல பசி. மாட்டின் நான்கு குச்சிக் காலையும் பிடுங்கிவிட்டு, நறுக்கி, மிசோ விழுது போட்டு வதக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

"ருசியாத்தான் இருந்துச்சு," என்றாள். "அவரு வந்துட்டாரு. போக வண்டி இல்ல."

இலையுதிர்காலத்தில் அவர் தூரத்தில், வானிலைப் படத்துக்குப் பின்னால் நின்றாராம். புத்தாண்டுக்கு மேசையருகே வந்துவிட்டார். இப்போது செய்தி வாசிப்பவரைப் பார்ப்பதில்லை. இந்தப் பக்கம் பார்க்கிறார். துணி போட்டு மூடினாள்; துணி உள்பக்கமிருந்து மூச்சுப்பட்டது போல் நனைந்தது. அணைத்து வைத்தாள், கறுத்த கண்ணாடியிலும் உட்கார்ந்திருந்தார்.

"தனியாப் போகத் தெரியாத மனுஷன். குளிக்கப் போனாக்கூடத் துண்டு எங்க, நீயும் வாம்பாரு. இப்ப என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் பாக்குறாரு. நான் போக மாட்டேன், கடைக்காரரே. அக்டோபர்ல எங்க கேட்பால் மட்டைப்பந்துக் குழு வெந்நீர் ஊற்றுக்குப் போகுது. நான் பேரு குடுத்திருக்கேன்."

ஆகஸ்ட் ஓபோன் வரை பொறுத்து, முறையாக ஒரு மாடு செய்து அனுப்பலாமே என்றார் குசாமா. அதுவரை அவர் பொறுக்க மாட்டார் என்றாள் கியோ. அலை நின்றால் அவர் நிற்க இடமிருக்காது. அது போதும் அவளுக்கு.

குசாமா கூரையேறி ஆண்டெனாவைத் திருப்பிக் கட்டினார். பழைய பெட்டிக்கு அருகிலேயே புதியதை வைத்துப் போட்டார். துல்லியமான படம். செய்தி வாசிப்பவர் தனியாக இருந்தார். பழைய பெட்டி ஒரு வாக்கியத்தைச் சொல்ல, புதியது இரண்டு நொடி கழித்து அதையே திருப்பிச் சொன்னது.

"புதுசுக்குக் காது மந்தமா?"

"டிஜிட்டல் கொஞ்சம் பின்னாடிதான் வரும், அம்மா. படத்தை உடைச்சு அனுப்பி, இங்க சேர்க்கணும்ல."

கியோ பல வருடங்களுக்குப் பிறகு சிரித்தவளைப் போலச் சிரித்தாள். அலை நிற்கிற நாளில் தன்னோடு இருக்க வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

இருபத்து நான்காம் தேதி. சில்வண்டுகள் மலையே கொதிப்பது போலக் கத்தின. இரண்டு பெட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. பழையதில் செய்கிச்சி செய்தி வாசிப்பவரை முழுக்க மறைத்துவிட்டார். நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தியிருந்தார். அழுந்திய இடம் வெளுத்திருந்தது.

கியோ குசாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நண்பகல்.

பழைய திரை நீலமானது. ஒளிபரப்பு முடிந்தது என்று வெள்ளை எழுத்தில் அறிவிப்பு.

சில்வண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்துவதை நிறுத்தின.

"போயிட்டாரு," என்றாள் கியோ.

டிஜிட்டல் கொஞ்சம் பின்னாடிதான் வரும் என்று சொன்னவர் குசாமா. அதை மறந்தவரும் அவரே.

புதிய பெட்டியில் செய்தி வாசிப்பவர் குனிந்து வணங்கினார்.

வலப்பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

இப்போது நிழல் இல்லை. காது மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அகலத் திரையில் அவருக்குத் தாராளமாக இடமும் இருந்தது.

"கியோ," என்றார் அவர். "என் துண்டு எங்க?"

குசாமா காலணியும் போடாமல் தோட்டத்துக்கு ஓடினார். இருந்ததில் பெரிய கத்தரிக்காயாகப் பறித்தார். சாப்பாட்டுக் குச்சிகளை ஒடித்து நான்கு கால் குத்தினார். அவசரத்தில் ஒரு கால் கோணிப்போனது. மாட்டைப் பெட்டி முன் வைத்து, முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். இறந்தவரை வழியனுப்பும் முறைப்படி கியோ வாசலில் பூர்ஜ மரப்பட்டையைக் கொளுத்தினாள். புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் வந்தது. அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கிளம்பியது.

திரையில் செய்கிச்சி உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. செய்தி வாசிப்பவர் வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கியோ குசாமாவுக்குப் புதிதாகத் தேநீர் ஊற்றினாள். வெந்நீர் ஊற்றிலிருந்து அவருக்கு இனிப்புக் கொழுக்கட்டை வாங்கி வருவதாகச் சொன்னாள். குசாமா பழைய பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாலத்தருகே வந்தபோதுதான் வெறுங்காலோடு வண்டி ஓட்டுவது தெரிந்தது. காலணிக்காகத் திரும்பினார்.

தேநீர்க் கிண்ணத்தில் இன்னும் ஆவி பறந்தது. கூப்பிட்டார். குளியலறை, தோட்டம், மரங்களின் பின்புறம் எல்லாம் பார்த்தார். கியோ இல்லை. அவள் செருப்பு வாசலிலேயே இருந்தது. அலமாரி திறந்து கிடந்தது. மடித்து அடுக்கிய துண்டுகளில் மேலே ஒரு துண்டு அளவுக்கு இடம் காலி.

கத்தரிக்காய் மாடு பாயில் படுத்திருந்தது. நான்கு கால்களும் பிளந்து விரிந்து, வயிறு வெடித்துத் தரையில் நசுங்கியிருந்தது.

ஒருவர் மட்டும் ஏறினால் அப்படி ஆகாது.

பள்ளத்தாக்கு முழுதும் தேடினார்கள். கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் குசாமா வீடு திரும்பியபோது அவர் மனைவி ஃபுமி செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் டிஜிட்டல் வந்து மூன்று வருடமாகிறது. ஒரு புள்ளி பிசகியதில்லை.

"இந்தாங்க," என்றாள் ஃபுமி, திரும்பாமலே. "ஓரத்துல ஒரு பொம்பளை துண்டை மடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, யாரு அது?"

குசாமா ரிமோட்டைத் தேடினார்.

"நம்மளையே பாக்குறா. கையில கேட்பால் மட்டை வேற."

சொல்ல விட்டுப்போன விவரம் ஒன்றே ஒன்று: ஹகா செய்கிச்சி என்பது நான்தான், இன்னும் சாகவில்லை. கடைவாய்ப்பல் மட்டும் லேசாக ஆடுகிறது.