ஈரம் காயாத பெயர்

பட்டியலில் ஒரு பெயர் மட்டும் ஈரமாக இருந்தது.

மாமியார் அதை எழுதி வைத்து மூன்று நாளாகிவிட்டது. கோடு போட்ட முழுத்தாள், ஓய்வுபெற்ற டீச்சரின் உருண்டைக் கையெழுத்து, வரிசையாகப் பதினொரு பேர். பத்துப் பேர் காய்ந்து கறுத்திருந்தார்கள். கடைசிப் பெயரில் பெர்னதெத்தின் விரல் பட்டதும் மை நீலமாக ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தாள். பெங்களூரு ஜோகுபாளையத்து வீட்டின் அடுப்படியில், கொதிக்கிற டிகாஷன் வாசனைக்கு நடுவே, உப்புக் காற்றும் காய்கிற மீனும் கலந்த அந்த வாடை. யாரோ பார்த்துவிட்டதைப் போல விரலை அவசரமாகச் சேலையில் துடைத்தாள்.

சவேரியம்மாள். அவளைப் பெற்றவள். தூத்துக்குடியில், திரேஸ்புரத்துக் கரையில், இந்த நிமிஷமும் உயிரோடு கருவாடு காயப்போட்டுக்கொண்டிருப்பவள்.

அந்தப் பொய்யைச் சொன்னபோது பெர்னதெத்துக்குப் பத்தொன்பது வயது. நர்ஸிங் ஹாஸ்டலுக்கு அம்மா ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். பிரிக்கும் முன்பே அறை முழுக்க நாறிவிட்டது. "எவடி உனக்கு இதெல்லாம் அனுப்பறது?" என்று அறைத்தோழி அன்னா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தூரத்துச் சித்தி. அம்மா எப்பவோ செத்துட்டாங்க." அவ்வளவுதான், வழுக்கி விழுந்த ஒரு சொல். அன்னாவின் அண்ணன் ஓஸ்வால்டைக் கல்யாணம் செய்துகொண்டபோது அந்தச் சொல்லும் கூடவே இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழில் இருந்து தாயின் முழுப்பெயரை மாமியார் பத்திரமாகக் குறித்துக்கொண்டாள். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் பூசையில், கோயில் பங்கைச் சேர்ந்த இறந்தவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பவள் அவள்தான். ஐந்து வருடம் வாசித்துவிட்டாள். இது ஆறாவது.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்தில் இருந்து திரேஸ்புரத்தில் அம்மா வீட்டுப் பக்கத்தில் இருக்கிற டெஸ்மண்டின் கடைக்குப் போன் செய்தாள். "ஏ சவரியக்கா, பெங்களூரு!" என்று டெஸ்மண்ட் கத்துவது கேட்டது. அதற்குப் பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம், யாரோ மீனை ஏலம் கூறுகிற சத்தம், மணலில் படகை இழுப்பவர்களின் இரைச்சல். கூண்டுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு அதெல்லாம் கேட்டுவிடுமோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாளை மீனு குமிஞ்சு கெடக்குளா. வெயிலத்தான் காங்கல. விரிச்சதெல்லாம் நமுத்துப்போவுது." அம்மாவுக்கு மூச்சிரைத்தது. "மாப்பிள்ளைய எப்பம் கூட்டிட்டு வாற?"

"அடுத்த வருஷம்மா."

"இதத்தான் அஞ்சு வருசமாச் சொல்லுத. சரி, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்படாது. கல்லறைத் திருநாளன்னைக்கி என்னைய யாரோ கூப்பிடுதாவ."

"யாரு?"

"ஒரு பொம்பள. டீச்சர் மாதிரி, கணீர்னு கொரலு. மொத வருசம் நடுக்கடல்ல இருந்து கேட்டுச்சு. அடுத்த வருசம் கரையில. பொறவு ரெண்டு வருசம் தெருமுக்குல. போன வருசம் வாசப்படியில நின்னு கூப்பிட்டா. சவேரியம்மாள்னு முழுப்பேரும் சொல்லுதா. இங்க எவ என்னைய அப்பிடிக் கூப்பிடுதா?"

கண்ணாடிக் கூண்டுக்குள் காற்றில்லை. "பதில் குடுக்காதீங்கம்மா."

"இத்தன வருசம் குடுக்கலியே. ஆனா அம்புட்டு மரியாதையாக் கூப்பிடுதவளுக்கு வாயத் தொறக்காம இருக்கது பாவமில்லியா? பெத்த மவகூட வான்னு கூப்பிடல." அம்மா சிரித்தாள்.

வீடு திரும்பியபோது மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பெர்னதெத் எதிரே போய் நின்றாள்.

"மம்மி, இந்த வருஷம் எங்கம்மா பேரு வேண்டாம்."

"ஏன் கண்ணு? எனக்குச் சிரமம்னு பாக்கறியா? பரவாகில்ல. அவங்களுக்கு ஜெபம் பண்ண வேற யாரு இருக்கா?" வெங்காயம் உரித்த கையால் அவள் கன்னத்தை வழித்தாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது பல் வரைக்கும் வந்தது. தாயில்லாப் பெண் என்று இந்த வீட்டில் முதல் துண்டு மீனை எப்போதும் தன் தட்டில்தான் வைக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. இந்தக் கனிந்த முகம் அதைக் கேட்டதும் எப்படி மாறும் என்பதும். விழுங்கினாள்.

இரண்டாம் தேதி கிளம்பும் முன், பிளேடால் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்தாள். தாளில் ஓட்டை விழுந்தது.

கல்பள்ளிக் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி. உருகுகிற மெழுகும் கசங்கிய சாமந்தியும் ஊதுபத்திப் புகையும் பனியோடு கலந்து தாழ இறங்கியிருந்தன. வேறு ஊரில் புதைத்தவர்களுக்கான பொதுச் சிலுவையின் பக்கத்தில் பெர்னதெத் நின்றிருந்தாள், தோள்மேல் ஓஸ்வால்டின் கை. மாமியார் வாசித்தாள். ஒரு பெயர், ஒரு மூச்சு இடைவெளி, பிறகு கூட்டத்தின் பதில். பத்துப் பெயர் முடிந்தது. தாளில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். மருமகளைப் பார்த்து, மனப்பாடமாக இருக்கிறது என்பதைப் போலப் புன்னகைத்தாள்.

"சவேரியம்மாள்."

அந்த இடைவெளி. இப்போது கத்தலாம். இப்போதே.

"ஆண்டவரே, இளைப்பாற்றி அருளும்." எல்லோரோடும் சேர்ந்து அவள் வாயும் சொன்னது.

பின்னால் ஒரு குரல்.

"இந்தா வந்துட்டேன்."

அவள் திரும்பவில்லை. கல்லின் மேல் நீர் சொட்டுகிற சத்தம். சொட்டு. சொட்டு. அந்த வாடை.

மாமியார் மைக்கை விட்டு இறங்கி வந்தாள். "ஐயோ, யாரும்மா நீங்க, இப்படி நனைஞ்சு உக்காந்திருக்கீங்க? மழையே இல்லையே. பெர்னா, உனக்குத் தெரிஞ்சவங்களா?"

திரும்பினாள். சிலுவையடிக் கல்லில் அம்மா. முழங்கையில் ஒட்டிய செதில்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மின்னின. முகத்துக்கு நேரே எரிந்த சுடர் எந்த மூச்சிலும் அசையவில்லை. அம்மா அவளை மட்டும் பார்த்தாள். காத்திருந்தாள்.

பக்கத்தில் ஓஸ்வால்ட். சுற்றிலும் பங்கு முழுக்க.

"தெரியாது மம்மி."

பேரம் படிந்துவிட்டதைப் போல அம்மா தலையாட்டினாள்.

"உங்க வீட்டுல யாராச்சும் தவறியிருக்காங்களா? பேரு சொல்லுங்க, வாசிச்சிடறேன்." மாமியார் பேனாவைத் திறந்தாள்.

"ஒரே மவ," என்றாள் அம்மா. "பெர்னதெத்."

"அடப் பாவமே. எங்க மருமக பேரு."

ஓட்டைக்குக் கீழே எழுதினாள். மைக்குக்குப் போனாள்.

"பெர்னதெத்."

அந்த இடைவெளி. இருக்கேன் என்று சொல்லப் பெர்னதெத் வாயைத் திறந்தாள். வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

"ஆண்டவரே, இளைப்பாற்றி அருளும்," என்றான் ஓஸ்வால்ட், கூட்டத்தோடு. அவள் தோள்மேல் இருந்த அவன் கை, தாங்க ஒன்றுமில்லாததைப் போலக் கீழே விழுந்தது.

ஈரக் கல்லில் அம்மா கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.