வாலின் பதில் விசில்

"அண்ணே, வண்டியை எடுக்காதீங்க. மேல போய்த் தேடணும்."

பயணிகள் காதுபட இப்படிப் பேசவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். பேசிவிட்டாள்.

குழுத் தலைவர் டிரைவர் பக்கத்தில் நின்றபடி சிரித்தார். "யாரைத் தேடணும், வாலு? எல்லாரும்தான் உட்கார்ந்திருக்காங்களே. டிகிரி முடிச்சவளுக்குத் தலை எண்ணத் தெரியலையா?"

முன் சீட்டில் யாரோ களுக்கென்றார்கள்.

எல்லோரும் இருந்தார்கள்தான். அதுதான் சரியில்லை. கடைசி சீட்டில், அவள் பைக்குப் பக்கத்தில், மஞ்சள் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, பயணியாக வந்த டீச்சர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து மூடுபனிதான், மழை ஒரு பொட்டு இல்லை. கோட்டின் நுனியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டி, சீட்டுகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து அவள் ஷூவைத் தொட்டது. வெயிலே படாத ஏரியடிக் கல்லைப் புரட்டினால் வரும் வாடை. ஆட்கள் விட்ட மூச்சில் எல்லா ஜன்னலும் மங்கியிருக்க, டீச்சர் பக்கத்துக் கண்ணாடி துடைத்துவைத்தது போலிருந்தது.

மலையேற்றத்தில் தலைவர் முன்னால் போவார். அவள் வால், கடைசி ஆள். ஒவ்வொரு ஏரியையும் தாண்டியதும் அவர் நீளமாக ஒரு விசில் அடிப்பார். வால் குட்டியாகப் பதில் ஊத வேண்டும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம். அதை நம்பித்தான் அவர் அடுத்த அடி வைப்பார். பயணிகள் கழுத்திலும் ஆளுக்கொரு விசில் உண்டு. வழி தவறினால் மூன்று முறை ஊத வேண்டும்.

காலை முழுக்க டீச்சர் அவளோடுதான் பின்தங்கி நடந்தார்.

"உங்க வீட்ல நீதான் முதல் பட்டதாரியாம்மா?"

சுருக்கென்றது. "ஏன் டீச்சர், முகத்துல எழுதி ஒட்டியிருக்கா?"

"என் முகத்துலயும் ஒரு காலத்துல ஒட்டியிருந்துச்சு" என்று டீச்சர் சிரித்தார். அவள் காதில் விழாதது போல நடந்தாள்.

கடைசி ஏரிக்கரையில் டீச்சர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் இரும்மா. முட்டி பிடிச்சுக்கிச்சு." பனி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து நீள விசில் வந்தது. தாமதத்துக்காக ஏற்கெனவே தலைவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நடந்துகொண்டே பதில் விசிலும் ஊதினாள்.

பொய் விசில். வேணுமென்றே ஊதியது. கேட்டாயே ஒரு கேள்வி, கிட என்று.

இறக்கத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கோட்டு வந்து வரிசையில் சேர்ந்துகொண்டபோது அப்பாடா என்றிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூசியது.

இப்போது, மலை மேலிருந்து, மறுபடியும்.

விசில். விசில். மூன்றாவது பாதியிலேயே அறுந்தது.

"கேட்குதா அண்ணே?"

"காத்தும்மா."

"காத்து இல்ல. டீச்சரைப் பின்னால விட்டுட்டு நான் பதில் ஊதிட்டேன். தப்பு என்னுது."

தலைவர் எட்டிக் கடைசி சீட்டைப் பார்த்தார். "அதோ இருக்காங்க. பைத்தியமா உனக்கு? இறங்கினா நாளைக்கு வேலைக்கு வந்துடாதே."

"சரிண்ணே."

இறங்கினாள். குளிர் காதைக் கடித்தது. பாதையில் கால் வைத்ததும் முதுகுக்குப் பின்னால் நீள விசில். வண்டி கிளம்பும் முன்பும் அடிப்பது அவர் வழக்கம். பதில் வராமல் வண்டி நகராது.

உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஊதமாட்டேன். நிற்கட்டும். அவர்களும் இறங்கித் தேடட்டும்.

விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

பிறகு, வண்டிக்குள்ளிருந்து, குட்டியாக ஒரு பதில். ஈரமான விசில்.

இன்ஜின் உறுமியது.

திரும்பிப் பார்த்தாள். பின் கண்ணாடியில் மஞ்சள் தொப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே முகம் இல்லை. கறுப்புத் தண்ணீர். விளிம்பு வரை. சிந்தாமல், நிமிர்ந்து நின்றது. நடுவில் விசில் மிதந்தது.

வண்டி வளைவில் மறையும்வரை அந்தத் தண்ணீர் அவளையே பார்த்தது. அதற்குள் அவள் மலைமேல் ஏறத் தொடங்கியிருந்தாள்.