ரோலருக்கு நாற்பத்தைந்தாயிரம்

டர்ர்ர்...

விலை சொல்வதற்கு முன்பே படகுப் பாயைக் கிழித்துவிட்டாள் அவள்.

"என்னங்க பண்றீங்க? ரிப்பேருக்குத்தானே கொண்டுவந்தேன்!" ஆஸ்டின் கத்தினான்.

முடிச்சூர் ரோட்டில் தார்ப்பாய் தைக்கும் ஷெட் அது. முட்டுக்காட்டில் நிற்கும் பாய்மரப் படகுகளுக்கும் அனுப்பிரியாதான் பாய் தைப்பாள். வெளியே மழை. நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள்... துளிக்கூடப் பயமில்லை.

"கட்டைவிரலுக்கே கிழியுது பாருங்க சார். வெயில்ல இத்துப்போச்சு. பன்னெண்டாயிரம் வாங்கிட்டுத் தைக்கலாம். தையல் நிக்கும், துணி நிக்காது."

"வேலை தெரியாதுன்னு சொல்லுங்க."

"தெரிஞ்சவங்ககிட்டயே போங்க. மழை விட்டதும் போங்க... நனைஞ்சிடுவீங்க."

நனைந்துகொண்டே போனான். படப்பையில் ஒருவர் தைத்துக் கொடுத்தார். முதல் காற்றிலேயே, தையலை ஒட்டிக் கிழிந்தது.

ஒரு மாதம் வீம்பாக இருந்தான். பிறகு வந்தான்.

"தையல் நின்னுச்சா சார்?"

"நின்னுச்சு."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை ஏன் பார்த்தோம் என்றிருந்தது அவனுக்கு.

"அன்னைக்குப் பேசினது தப்பு. முன்பாய் புதுசா, ரோலரோட... எவ்வளவு ஆகும்?"

"நாற்பத்தஞ்சு. துணி நல்லா இருந்தப்பவே ரோலருக்கு மாத்தியிருந்தா இருபதுல முடிஞ்சிருக்கும். மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும் நீங்க."

ஆஸ்டின் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மூணு வருஷம் முன்னாடிதான் கேட்டா. என் மனைவி, ஈவ்லின். கீமோ நடந்துட்டிருந்தது. பாயை இறக்கப் படகு முனைக்குப் போகணும்... அவளால முடியல. ரோலர் போட்டா உக்காந்த இடத்துலேருந்தே கயித்தை இழுத்துச் சுருட்டிடலாம்னா. இருபதாயிரமான்னு கேட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னேன்."

தையல் மெஷின் நின்றது.

"கடைசி வரைக்கும் கரையிலேயே உக்காந்திருந்தா. நான் மட்டும் ஓட்டிட்டு வருவேன். கை காட்டுவா."

அன்றும் மழை, ஷெட்டின் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"இப்ப யாருக்கு சார் ரோலர்?" மெதுவாகக் கேட்டாள். "உங்களாலதான் முனைக்குப் போக முடியுமே..."

"கூட ஒருத்தர் உக்காந்தா நல்லா இருக்கும்னு தோணுது. ஒரு மாசமா... உங்க முகம்தான் வருது. சொல்லவே கூசுது. அவளுக்குச் செய்யாததை இன்னொருத்தருக்கு..."



அனுப்பிரியா டேப்பை எடுத்தாள். எதையும் அளக்கவில்லை. திரும்ப வைத்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாது... பார்த்து ஓட்டணும்" என்றாள், அவனைப் பார்க்காமலே.